பட்டியலில் பெயர் இல்லாத காலை

அன்புள்ள தாமஸ்,

இந்தக் கடிதத்தை உன் ஹாக்கி ஸ்டிக் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் வைக்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீயும் மருமகள் நிவேதாவும் மயிலாப்பூர் வீட்டுக்குச் சாப்பிட வரும்போது அந்தப் பை உன் வண்டியிலேயேதான் தொங்கும். நிவேதா பெரிய ஜிப்பைத்தான் திறப்பாள், துணி வைக்கவும் எடுக்கவும். பக்கவாட்டு ஜிப் ஆட்டக்காரனுக்கே உரியது. டேப், பேண்டேஜ், தைலம் என்று அவன் யாருக்கும் காட்டாத சாமான்கள் அதில்தான் கிடக்கும். ஆகவே திங்கட்கிழமை காலை, பாண்டி பஜாரில் நீ வழக்கமாக உட்காரும் பெஞ்சில் வைத்து இதைப் படிப்பாய் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். கடிதம் எழுதும் அளவுக்கு இந்த மனிதனுக்கு என்ன ஆயிற்று என்று பதறாதே. எனக்கும் அம்மாவுக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குச் சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. உன்னை அங்கே பார்க்க நேர்ந்ததே அந்தச் சர்க்கரையால்தான்.

போன வியாழக்கிழமை தி. நகர் பாண்டி பஜார் லேபுக்கு ரத்தம் கொடுக்க வந்தேன். வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. ஏழு மணிக்கு முதல் ஊசி முடிந்து இட்லிக்கு ஓட்டல் தேடி வரும்போது, ஷட்டர் திறக்காத ஒரு துணிக்கடைக்கு எதிரில் பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய். டிராக் பேண்ட், டீம் டீ-ஷர்ட், பக்கத்தில் பை. யாருக்காகவோ காத்திருக்கிறாய் என்று நினைத்து, கூப்பிடவும் வாயெடுத்தேன். அப்போது நீ போனை எடுத்து மணி பார்த்தாய், திரும்ப வைத்தாய். ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது, மறுபடியும் எடுத்துப் பார்த்தாய். அந்த மணி பார்க்கும் விதம் எனக்குத் தெரியும். நேரம் போக வேண்டுமே என்று மணி பார்க்கிறவன் முகம் வேறு மாதிரி இருக்கும். நான் எதிர்சாரி ஓட்டலுக்குள் போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம். நாலு இட்லி தின்றேன், காபியும் குடித்தேன், சர்க்கரை போட்டு. சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்? ஒன்பது மணிக்கு நீ பொதுக் குழாயில் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு ஆபீஸ் கிளம்பினாய். போவதற்கு முன் டீ-ஷர்ட்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பைக்குள் வைத்தாயே, அதையும் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து செல்வத்துக்குப் போன் செய்தேன். இப்போது லீக் செலக்ஷன் வேலையெல்லாம் பார்க்கிறானே, அந்தச் செல்வம் அங்கிள்தான். "இன்னாண்ணே, உங்களுக்குத் தெரியாதா? தம்பி பேரு இந்த சீசன் லிஸ்ட்ல இல்லண்ணே. ரெண்டு மாசம் ஆவப்போவுது. உங்ககிட்ட சொல்லிக்கீறான்னு நெனச்சேன்" என்றான். பிறகு, "அவன் முட்டி போயிடுச்சுண்ணே. அவன் ஆட்டம் போவல" என்று தானாகவே சொன்னான். நல்ல மனசுக்காரன். இதை நேரில் கேட்டால் நீ "ஒண்ணுமில்லப்பா" என்பாய், நானும் "சரிடா" என்று மீன் முள்ளை எடுக்க ஆரம்பித்துவிடுவேன். நம் வீட்டு ஆண்களின் பேச்சு அவ்வளவுதான். அதனால்தான் எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஆபீஸில் நோட் எழுதியவன் நான். பத்திக்குப் பத்தி எண் போடாமல் எழுத முயல்கிறேன், பொறுத்துக்கொள்.

உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. உன்னைத் திட்டும் யோக்கியதை இந்த உலகத்தில் யாருக்காவது இல்லையென்றால் அது எனக்குத்தான். நீ இரண்டு மாதமாகச் செய்வதை நான் ஏழு மாதம் செய்தேன்.

உனக்கு நினைவிருக்காது, அப்போது உனக்கு ஏழு வயது. எனக்கு முப்பத்தாறு. விளையாட்டு கோட்டாவில் வேலைக்குச் சேர்ந்து பதினான்கு வருடம் ஆபீஸ் டீமுக்கு லெஃப்ட் ஹாஃப் ஆடியிருந்தேன். செகண்ட் டிவிஷனில் தொடங்கி, ஃபர்ஸ்ட் டிவிஷனுக்கு ஏறி, மறுபடி இறங்கி, மறுபடி ஏறி. இந்தியாவுக்கு ஆடியவனில்லை. மாநில அணி கேம்ப் லிஸ்டில் ஒரு தரம் பெயர் வந்தது, அதுவும் கடைசிக்கு முந்தின பெயர். பேப்பரில் என் பெயரைப் பார்க்க வேண்டுமானால் விளையாட்டுப் பக்கத்தின் மூலையில், கல்யாண மண்டப விளம்பரத்துக்கு மேலே, பொடி எழுத்தில் தேட வேண்டும். ஆனாலும் ஆட்டக்காரன். காலை ஆறிலிருந்து எட்டரை வரை சேத்துப்பட்டில் செம்மண் கிரவுண்டில் பயிற்சி. பதினோரு மணிக்கு ஆபீசுக்குப் போய்க் கையெழுத்து. மூன்றரைக்கு மறுபடி பை தூக்கினால் யாரும் ஏன் என்று கேட்க முடியாது. அதற்கென்று வருடா வருடம் ஒரு சுற்றறிக்கை வரும். 'கீழ்க்கண்ட ஊழியர்களுக்குப் பயிற்சிக்காக நேரச் சலுகை வழங்கப்படுகிறது' என்று தொடங்கி இருபது பெயர் இருக்கும். எங்களுக்கு அந்தத் தாள்தான் எல்லாம். உன் ஆபீஸிலும் அதே தாள்தானே, எழுத்து மட்டும் இப்போது கம்ப்யூட்டரில் வருகிறது.

அந்த வருடம் தாள் வந்தபோது பத்தொன்பது பெயர் இருந்தது. நான் இரண்டு முறை எண்ணினேன். யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை, கை குலுக்கவில்லை. நம் தொழிலில் வழியனுப்பு விழா கிடையாது, உனக்கே இப்போது தெரிந்திருக்கும். நோட்டீஸ் போர்டில் நாலு குண்டூசி குத்திய ஒரு தாள், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் படியேறினேன். அவள் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து, "ஸ்டாக்கிங்ஸ் காஞ்சிடுச்சு, பையில வச்சிட்டேன்" என்றாள். நான் "சரி" என்றேன். அந்த ஒரு "சரி"யில் ஆரம்பித்தது.

மறுநாள் காலை ஐந்தரைக்குப் பை தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். சேத்துப்பட்டு பஸ்ஸில் ஏறினால் டீம் பையன்கள் பார்ப்பார்கள். பீச்சுக்குப் போனால் கோயில் ஆட்கள் அத்தனை பேரும் வாக்கிங் வருவார்கள். ஆகையால் நேர் எதிர்த் திசையில் கிண்டி பஸ்ஸைப் பிடித்தேன். குதிரைப் பந்தய மைதானத்தின் மதில் ஓரம் ஒரு டீக்கடை. அங்கே உட்கார்ந்து, உள்ளே குதிரைகளைக் காலைப் பயிற்சிக்கு ஓட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அதுகளுக்கும் பயிற்சி இருக்கிறது, எனக்கு இல்லை. நான் குள்ளம், ஒல்லி, டிராக் சூட் வேறு. இரண்டாவது வாரத்தில் டீக்கடைக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இன்னா நைனா, நீ ஜாக்கியா? சனிக்கெயம எந்தக் குதிர வரும்னு சும்மா காதுல போட்டு வையேன்." இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஜாக்கி என்றால் குறைந்தபட்சம் ஏதோ ஒன்று ஆடுகிறவன் அல்லவா? அந்த ஆசையில் வாய்க்கு வந்த ஒரு குதிரையின் பெயரைச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை அது கடைசியாக வந்தது. திங்கட்கிழமையிலிருந்து நான் வேறு டீக்கடை பார்க்க வேண்டியதாயிற்று. சிரிக்கிறாயா? சிரி. ஏழு மாதத்தில் சிரிப்பதற்கு இருப்பது அது ஒன்றுதான்.

எட்டரைக்கு ஸ்டேஷன் குழாயில் முகம் கழுவுவேன். ஜெர்சியை நனைத்துப் பிழிந்து பையில் திணிப்பேன், வேர்வை என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று. யாரும் சொல்லித் தராமலே நீயும் அதையே செய்கிறாய் பார். மூக்கு மட்டும்தான் என்னுடையது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஆபீஸில் இன்னும் மோசம். இப்போது பத்து மணிக்கே போக வேண்டும், ஐந்தே முக்கால் வரை நாற்காலியில் இருக்க வேண்டும். பதினான்கு வருடம் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே கிடையாது. சட்டை மாட்டி வைப்பேன். நான் கோட்டாவில் சேர்ந்த அதே நாளில் பரீட்சை எழுதி வேலைக்குச் சேர்ந்த கமலா மேடம் அதற்குள் இரண்டு பதவி ஏறி, எங்கள் பிரிவுக்கே கண்காணிப்பாளராகி இருந்தார். மயிலாப்பூர் மாடவீதிக்காரர், என்னைவிட நாலு வயது இளையவர். முதல் வாரம் ஒரு ஃபைலைக் கொண்டு வந்து மேஜையில் வைத்து, "இதுக்கு ஒரு பதில் டிராஃப்ட் பண்ணிக் கொடுங்கோளேன்" என்றார். நான் ஃபைலைத் திறக்காமலே, "மேடம், நான் பிளேயர்" என்றேன். அவர் ஃபைலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தத் தாளை அவரும்தான் படித்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது உன் அம்மாவுக்குக் கூடத் தெரியாது. என் இடத்துக்கு வந்த பையன்தான் செல்வம். வியாசர்பாடியிலிருந்து இருபத்திரண்டு வயதில் வந்தவன், மின்னல் மாதிரி ஓடுவான். பட்டியல் வருவதற்கு ஒரு மாதம் முன்பு, பயிற்சியில் அவன் என்னைத் தாண்டி மூன்றாவது தரம் பந்தைக் கொண்டு போனபோது, நான் பந்தைப் பார்க்கவில்லை, அவன் கணுக்காலைப் பார்த்து ஸ்டிக்கை வீசினேன். தெரிந்தேதான் வீசினேன். அவன் பத்து நாள் நொண்டினான். "ஆட்டத்துல சகஜம்ணே" என்று அவனே எனக்கு ஆறுதலும் சொன்னான். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பட்டியல் வந்த பிறகு அவனைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நீதான் என் ஏழு மாத நாடகத்துக்கு முடிவு கட்டினாய். பள்ளியில் உன்னோடு படித்தவன் எவனோ, "உங்க அப்பா நெஜமாவே பிளேயரா? யாரும் பாத்ததே இல்லியே" என்று கேட்டுவிட்டான் போல. எழும்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் லீக் மேட்ச் இருக்கிறது என்று எங்கேயோ தெரிந்துகொண்டு வந்து, கூட்டிக்கொண்டு போ என்று மூன்று நாள் பிடிவாதம். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, கூட்டிப்போய் கேலரியில் உட்கார வைத்து, 'இன்னிக்கு அப்பாவுக்கு ரெஸ்ட்' என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று டிராக் சூட்டை மாட்டிக்கொண்டு வந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், ஒரு கரண்டி சோறு கூடப் போட்டால் தீர்ந்தது என்று நினைப்பான். நீ கேலரியில் இரண்டு நிமிடம்கூட உட்காரவில்லை. "எல்லாரும் உள்ள ஓடுறாங்க, நீங்க ஏம்ப்பா போகல?" என்று என் கையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாய். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தாமஸ், என் வாழ்க்கையில் அந்த ஒரு நிமிடத்தில் பயந்த மாதிரி நான் என்றைக்கும் பயந்தது கிடையாது.

வார்ம்-அப் ஓடிக்கொண்டிருந்த செல்வம் எங்களைப் பார்த்தான். உன்னையும் பார்த்தான், என் டிராக் சூட்டையும் பார்த்தான். வேலி ஓரம் வந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான்: "இன்னாண்ணே, இங்க குந்திகினு கீறீங்க? டைம் ஆவுது, உள்ள வாங்க. மானேஜர் உங்களத்தான் தேடிகினு கீறாரு." மானேஜர் என்னைத் தேடவில்லை என்பது எனக்கும் தெரியும், மானேஜருக்கும் தெரியும். அணிப் பட்டியலை நடுவரிடம் கொடுப்பதற்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. செல்வம் அவர் காதில் ஏதோ சொன்னான். அவர் என்னைப் பார்த்தார், வேலிக்கு வெளியே நிற்கிற உன்னைப் பார்த்தார், பேனாவை எடுத்துப் பதினாறாவது பெயராக என் பெயரை எழுதினார். யாரோ ஒரு ஜெர்சி கொடுத்தார்கள், முழங்கால் வரை தொங்கியது.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, செல்வம் மைதானத்தின் நடுவில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "இழுத்துக்கிச்சு சார், ஓட முடியல. அண்ணன அனுப்புங்க" என்றான். ஒன்றுக்கு ஒன்று சமநிலையில் இருந்த மேட்ச் அது. அந்த நேரத்தில் ஏழு மாதம் ஸ்டிக் பிடிக்காத கிழவனை யார் இறக்குவார்கள்? இறக்கினார்கள். ஐந்து நிமிடத்தில் பந்தை இரண்டு தரம் தொட்டேன். முதல் தரம் ஒழுங்காகக் கொடுத்தேன். இரண்டாவது தரம் எதிர் அணிக்காரன் என் காலடியிலிருந்தே எடுத்துக்கொண்டு போய், பெனால்டி கார்னர் வாங்கிவிட்டான். நல்ல வேளை, கோலி தடுத்தான். எங்கள் பையன்களில் ஒருத்தன்கூட என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. விசில் ஊதியதும் நீ வேலி ஓரம் குதித்துக்கொண்டிருந்தாய். பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போகையில், "அப்பா, நீங்கதான்ப்பா ரொம்ப வேகமா ஓடுனீங்க" என்றாய். அப்போது எங்களைத் தாண்டி ஒருத்தன் கிளம்பிவிட்ட பஸ்ஸைப் பிடிக்கத் தலைதெறிக்க ஓடினான், தாவி ஏறினான். செல்வம்தான். கெண்டைக்காலில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைக்கிற நேரம். நீ மாடி வீட்டுப் பையனிடம் கதை சொல்ல ஓடிவிட்டாய். அம்மா அடுப்படியில் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "நான் இப்ப டீம்ல இல்ல. ஏழு மாசமாச்சு" என்றேன். எதற்கு அவளை ஏழு மாதம் ஏமாற்றினேனோ, அந்த விஷயம் மொத்தம் இரண்டு வரிதான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "தெரியும்" என்றாள். எப்படி என்றேன். "ஸ்டாக்கிங்ஸ்ல செம்மண்ணே இல்லியே. ஜெர்சிய மட்டும் நனைச்சா ஆச்சா?" என்றாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என் புளுகு ஏழு மாதம் ஓடியது என்று நினைத்திருந்தேன், எட்டாவது நாளே அவளிடம் பிடிபட்டிருக்கிறேன். அதற்குப் பிறகும் அந்த அழுக்கில்லாத ஸ்டாக்கிங்ஸைத் தினமும் துவைத்து, காயப்போட்டு, மடித்துப் பையில் வைத்திருக்கிறாள். ஏன் கேட்கவில்லை என்றேன். "நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்." பிறகு மீனைச் சட்டியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப, நாளைலேர்ந்து நான் நாலரைக்கு எழுந்திரிக்க வேணாம்ல?"

அதைத்தான் நான் யோசித்ததே இல்லை. என் அவமானம், என் பயம், என் பெயர், என் நாற்காலி, எல்லாம் யோசித்தேன். தினமும் ஐந்தரைக்கு நான் குடித்துவிட்டுப் போன கேழ்வரகுக் கஞ்சி தானாகக் கொதித்ததாக நினைத்திருந்தேன் போல. எனக்குப் பயிற்சி இல்லை என்று தெரிந்தே, நாலரைக்கு எழுந்து எனக்குப் பயிற்சிக் கஞ்சி காய்ச்சியிருக்கிறாள். எழாமல் படுத்திருந்தால், அவளுக்கு விஷயம் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிடுமே என்பதற்காக. அன்றைக்கு நான் அழுதேன், தாமஸ். ஆட்டம் போனதற்கு இல்லை.

திங்கட்கிழமை கமலா மேடத்தின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். "மேடம், எனக்கு ஒண்ணும் தெரியாது. டிராஃப்ட்னா என்னன்னே தெரியாது" என்றேன். "ஏன் நின்னுண்டு இருக்கேள், உக்காருங்கோ" என்றார். "ஆத்துல எங்க அண்ணா சொல்லுவார், நீங்க அந்தக் கம்பை வெச்சுண்டு மூணு பேரை ஏமாத்திண்டு போவேளாமே. இந்த ஃபைல் உங்களை என்ன பண்ணிடப் போறது?" அன்று ஒரு கடிதத்தை ஒன்பது தரம் அடித்துத் திருத்தினார். ஒன்பதாவது தரமும் அது நன்றாக இல்லை, ஆனால் அனுப்பிவிட்டார். நான் அவரைவிட ஒரு பதவி கீழேயே இருந்து ரிட்டயர் ஆனேன். அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. விதவை ஓய்வூதிய ஃபைல்களை எனக்குக் கொடுத்தார். தள்ளிப்போட்டுக் கிடந்த ஃபைல்களை மாடி மாடியாகத் துரத்திக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்க வேண்டிய வேலை. லெஃப்ட் ஹாஃபுக்கு ஏற்ற வேலைதான் அது. கோல் அடிப்பது வேறொருவன், பந்து அவனிடம் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது நாம். ஆடிய பதினான்கு வருடத்தில் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டவர்கள் யாருமில்லை. அந்த நாற்காலியில் இருந்த வருடங்களில் பலர் வந்தார்கள்.

எல்லோருக்கும் இப்படி அமையவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். என்னோடு ஆடியவர்களில் எங்கள் கோலி பள்ளியில் பி.டி. மாஸ்டரானான். சென்டர் ஃபார்வர்ட் வேலையை விட்டுவிட்டு வளைகுடாவுக்குப் போய்க் கிரேன் ஓட்டினான், நன்றாக இருக்கிறான். ரைட் அவுட் ஆடியவன், எங்கள் எல்லோரையும்விட நல்ல ஆட்டக்காரன், கடைசிவரை "நான் பிளேயர்" என்றே சொல்லிக்கொண்டு குடித்துச் செத்தான். அவன் ஈமச் சடங்குக்குப் போய் வந்த நாள் முழுக்க, அந்த ஏழாவது மாதத்தோடு என் பொய் நின்றதே என்று ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தேன். செல்வத்திடம் நான் மன்னிப்புக் கேட்டது அதற்கும் பிறகுதான். கணுக்கால் விஷயத்தைச் சொன்னேன். "அது தெரியும்ணே. பந்து அந்தாண்ட கெடந்துச்சு, கம்பு இந்தாண்ட வந்துச்சு. தெரியாதா இன்னா?" என்றான். அது தெரிந்தும்தான் அன்றைக்கு மைதானத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறான். என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது, தாமஸ். யாரும் என்னைக் குத்திக் காட்டவில்லை. நான் அதிர்ஷ்டக்காரன். என்னால் இந்தியாவுக்கு ஆட முடியவில்லை என்று யாராவது வருத்தப்பட்டால் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும்.

உன் கையில் முதல் ஸ்டிக்கைக் கொடுத்தவன் நான்தான். உன் ஆட்டத்தைப் பார்த்த ஒவ்வொரு சாயங்காலத்துக்கும் நான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். இதுவரை சொன்னதில்லை, 'பாஸ் லேட்டா குடுக்குற' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்த ஆட்டம் ஒரு நாள் ஒரு தாளோடு முடியும் என்பதை உனக்கு நான் சொல்லித் தரவே இல்லை. என் ஏழு மாதத்தைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்தேன். மறைத்ததன் பலன், நீ அந்த பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறாய். அது என் தப்பு. என்னை மன்னித்துவிடு.

நிவேதாவுக்குத் தெரியுமா, தெரியாதா என்று எனக்குத் தெரியாது. உன் அம்மாவைப் போல அவளும் கண்டுபிடித்திருப்பாள் என்று பந்தயம் கட்டாதே. நான் குதிரைக்குச் சொன்ன ஜோசியம் என்ன ஆயிற்று என்று படித்தாய் அல்லவா? போன ஞாயிற்றுக்கிழமை நீ வண்டியை நிறுத்தப் போயிருந்தபோது, அவள் நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தாள். இரண்டு பாதமும் வீங்கியிருந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு ஏழாம் மாதத்தில் அப்படித்தான் இருக்கும், காலையில் கூடக் கொஞ்சம் நேரம் படுத்திரு என்று அம்மா சொன்னாள். அதற்கு அவள், "எங்க அத்தை? அவருக்கு ப்ராக்டிஸ் இருக்கே. அஞ்சு மணிக்கு அலாரம் வச்சு எழுந்து ரெண்டு முட்டை வேக வச்சுப் பையில போட்டு, கஞ்சி போட்டுக் குடுத்தாதான் அவரு ஓட முடியும்" என்று சிரித்தாள். உன் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. மீனை மட்டும் புரட்டிப் போட்டாள்.

நீ இதைப் படிக்கும்போது மணி ஏழு, ஏழேகால் இருக்கும். உன் ஆபீஸ் பத்து மணிக்குத்தான். வேளச்சேரிக்கு வண்டியில் அரை மணி நேரம். அவள் வேலைக்குக் கிளம்பியிருக்க மாட்டாள். உன் பையில் இருக்கும் அந்த இரண்டு முட்டையை அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ. மொத்தம் இரண்டு வரிதான். சொல்லிவிட்டு, நாளைக்கு அடிக்க வேண்டிய அந்த ஐந்து மணி அலாரத்தை நீயே உன் கையால் அணைத்துவிடு. அவள் கொஞ்சம் தூங்கட்டும்.

அப்பா